போர் விமானம் ஓட்டணும் என்கிறான் பையன்: எங்கே ஆரம்பிப்பது?

கேள்வி, 4 அக்டோபர் 2025

பையன் பத்தாவது படிக்கிறான். போன வருஷம் மெரினாவில் விமானப்படை சாகசம் பார்த்ததில் இருந்து ஃபைட்டர் பைலட் ஆகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். தனியார் பைலட் பள்ளியில் விசாரித்தேன், அவர்கள் சொன்ன தொகைக்கு வீட்டை விற்கணும். பக்கத்து வீட்டுக்காரர் "அக்னிவீரில் சேர்த்துவிடு, உள்ளே போனதும் பரீட்சை எழுதி பைலட் ஆயிடலாம்" என்கிறார். எது சரி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
குடியாத்தத்தில் இருந்து ஓர் அப்பா

4 அக்டோபர், இரவு

இரண்டுமே வேண்டாம்.

தனியார் பள்ளியில் பணம் கட்டி வாங்குவது பயணிகள் விமானத்துக்கான உரிமம். போர் விமானத்துக்கு அது தேவையில்லை. விமானப்படையே சோறு போட்டு, துணி கொடுத்து, பயிற்சியின் கடைசி ஒரு வருஷம் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்து ஓட்டக் கற்றுத் தருகிறது.

அக்னிவீர் வாயு என்பது ஏர்மேன் வேலை, அதாவது அதிகாரிக்குக் கீழே இருக்கிற படைவீரர் வேலை. நான் அந்த வழியில் போனவன்தான், அப்போது அக்னிவீர் என்ற பெயர் இல்லை. என்ஜின் ஃபிட்டர். விமானம் ஓட்டியதில்லை, ஓட்டியவர்களை உட்கார வைத்து பெல்ட் மாட்டிவிட்டிருக்கிறேன். ஏர்மேனாகச் சேர்ந்து பதவி உயர்விலேயே காக்பிட்டுக்குப் போகிற ஏணி கிடையாது. பைலட் என்றால் அதிகாரி. அதற்கு வாசலே வேறு.

நம்ம பக்கம் பட்டாளம் என்றாலே ஆள் எடுக்கிற மைதானத்தில் ஓடுவதுதான் ஞாபகம் வரும். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர் விழுந்துவிட்டது, அத்தனை வீடுகளில் பட்டாளத்து ஆள். ஆனால் அதிகாரி தேர்வை யார் நடத்துகிறார்கள், எந்த மாதம் அறிவிப்பு வரும் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். எனக்கே உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வயசு தாண்டியிருந்தது.

5 அக்டோபர்

வழிகளைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பத்தாவது பையனுக்கு முக்கியமானது என்.டி.ஏ, தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யு.பி.எஸ்.சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயசு பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். கணக்கு 300 மதிப்பெண், பொதுத்தாள் 600, அதில் ஆங்கிலம் மட்டும் 200. அப்புறம் எஸ்.எஸ்.பி என்கிற ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு 900. ஒரு தடவை ஆள் எடுத்தால் விமானப்படைக்கு 120 இடம், அதில் பறக்கும் பிரிவுக்கு 92. தேறினால் கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், பிறகு ஐதராபாத் பக்கம் துண்டிகல்லில் விமானப்படை அகாடமி.

டிகிரி முடித்தவர்களுக்கு சி.டி.எஸ் (இதுவும் யு.பி.எஸ்.சி நடத்தும் அதிகாரி தேர்வு), ஏ.எஃப்.கேட் இரண்டும் இருக்கின்றன. வயசு 20 முதல் 24. ஏ.எஃப்.கேட் விமானப்படையே நடத்துவது: 100 கேள்வி, 300 மதிப்பெண், இரண்டு மணி நேரம், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அந்த வழியில் பைலட் ஆனால் 14 வருஷப் பணி. என்.சி.சி சிறப்பு நுழைவு நான்காவது வழி. ஆனால் அதற்கு விமானப் பிரிவின் சி சான்றிதழ் வேண்டும். உங்கள் கல்லூரியில் காக்கி போடுகிறார்களா நீலம் போடுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நீலம்தான் விமானப் பிரிவு.

5 அக்டோபர், கொஞ்ச நேரம் கழித்து

இதை மேலேயே சொல்லியிருக்கணும். பதினொன்றாவதில் எந்த குரூப் எடுக்கிறான் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. என்.டி.ஏவில் விமானப்படைக்குப் போக பன்னிரண்டாவதில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கணும். பயோ-மேத்ஸ் சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் சரி. பியூர் சயின்ஸ் எடுத்தால் அன்றைக்கே கதவு சாத்தியாச்சு. காமர்ஸும் அப்படித்தான்.

டிகிரிக்குப் பிறகு வந்தாலும் இதே கதைதான். ஏ.எஃப்.கேட்டில் பி.ஏ, பி.காம் எது வேண்டுமானாலும் 60 சதவீதத்தோடு முடித்திருக்கலாம், ஆனால் பன்னிரண்டாவதில் கணக்கிலும் இயற்பியலிலும் தலா 50 சதவீதம் இருக்கணும். ஏரோநாட்டிகல் என்ஜினீயரிங் படித்தால்தான் பைலட் என்று நம்பி அதைத் தேடி அலையும் அப்பாக்களை வேலூரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவசியமே இல்லை.

7 அக்டோபர்

ஆற்காட்டில் இருந்து ஒருவர் "எந்தக் கோச்சிங் சென்டர் நல்லது" என்று கேட்கிறார். கோச்சிங் கிடக்கட்டும். முதலில் பையனைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

என் அக்கா மகன் கதை. நம்ம ஊர்க் கல்லூரி ஒன்றில் என்ஜினீயரிங். ஏ.எஃப்.கேட் எழுதி, மைசூரில் ஐந்து நாள் தேர்விலும் தேறினான். அந்த போர்டில் அன்றைக்கு மிஞ்சியவர்கள் கைவிரலில் அடங்குவார்கள், அதில் இவன் ஒருவன். வீட்டில் எல்லோருக்கும் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தார் மாமா. அடுத்து பெங்களூரில் மெடிக்கல். அங்கே கண்ணில் லேசான கிட்டப்பார்வை என்று எழுதிவிட்டார்கள். பறக்கும் பிரிவுக்குத் தகுதியில்லை, முடிந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு இரண்டு வருஷம் முன்பே தலைவலி என்று ஒரு கண்ணாடிக் கடையில் காட்டியிருக்கிறான். "பவர் எல்லாம் இல்லை தம்பி, போனை விடு, தூங்கு" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே ஒழுங்காகச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்திருந்தால் வேறு பிரிவுக்கு மனசைத் தயார் பண்ணியிருப்பான்.

விதி இதுதான்: ஒரு கண்ணில் 6/6, இன்னொன்றில் 6/9 வரை, அந்தக் குறையும் தூரப்பார்வையாக (கிட்டத்தில் உள்ளது மங்குவது) மட்டும் இருந்து கண்ணாடியால் சரியாகணும். என்.டி.ஏவுக்குப் போகும் பையனுக்குக் கிட்டப்பார்வை கூடவே கூடாது. லேசர் போட்டுக்கொண்டு வரலாமா என்றால் என்.டி.ஏவில் அதுவும் கிடையாது. நிறப்பார்வை முதல் தரமாக இருக்கணும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் புத்தகத்தைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார்கள். பையன்களில் சிவப்பு-பச்சைக் குறை இருப்பது அபூர்வம் இல்லை, இருப்பவனுக்கே தெரியாது.

ஆரணி ரோட்டில் சி.எம்.சி கண் மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் டாக்டரிடம் "விமானப்படை பைலட் தேர்வுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கடையில் பார்ப்பதை இதற்கு நம்ப வேண்டாம்.

7 அக்டோபர், இரவு

உயரம் 162.5 சென்டிமீட்டர் குறைந்தது. "தினம் கம்பியில் தொங்கினால் வளருமா?" என்று கேட்ட வாணியம்பாடித் தம்பிக்கு: தோள் வளரும்.

உயரத்தோடு முடிவதில்லை. கால் நீளம் 99க்கும் 120க்கும் நடுவில், உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96, தொடை நீளம் 64ஐத் தாண்டக் கூடாது. தொடையை எதற்கு அளக்கிறான் என்று சிரிக்காதீர்கள். ஆபத்தில் இருக்கை பைலட்டோடு சேர்ந்து மேலே பாயும்போது, முட்டி முன் பலகையில் இடித்தால் கால் போய்விடும். கால் குட்டையாக இருந்தால் பெடல் எட்டாது. முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பதும் அதனால்தான். அந்த இருக்கை கிளம்பும்போது மொத்த அடியும் முதுகில் விழுகிறது. குடும்பத்தில் வலிப்பு உண்டா என்று கேட்பார்கள், மூளை அலைப் பதிவும் எடுக்கலாம்.

செலவே இல்லாத சோதனை இது. சுவரில் சாய்த்து நிறுத்தி டேப் வைத்து அளந்து பாருங்கள்.

11 அக்டோபர்

அரக்கோணத்துக்காரர் ஒருவர் "எங்க ஊர் மேலேயே ஜெட் பறக்குது, அங்கேயே சேர முடியாதா" என்கிறார். ஐயா, அது கடற்படை. ஐ.என்.எஸ் ராஜாளி, 1992இல் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தது. நீங்கள் பார்ப்பது பி-8ஐ. போயிங் 737 உடம்பை எடுத்து நீர்மூழ்கி வேட்டைக்கு மாற்றியது. ஜெட்தான், ஃபைட்டர் இல்லை. கடற்படையின் ஹெலிகாப்டர் பைலட்டுகளுக்குப் பயிற்சியும் அங்கேதான்.

கடற்படைக்கும் ஃபைட்டர் உண்டு, கோவாவில் மிக்-29கே. போன ஜூலையில் ஆஸ்தா பூனியா என்ற பெண் அதிகாரியைக் கடற்படையின் ஃபைட்டர் பிரிவுக்கு எடுத்தார்கள். அங்கே அவர்தான் முதல் பெண்.

நம்ம மாநிலத்தில் உண்மையான ஃபைட்டரைப் பார்க்க சூலூருக்கும் தஞ்சாவூருக்கும் போகணும். சூலூரில் தேஜஸ், தஞ்சாவூரில் சுகோய்-30. வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். சின்ன ஊர்களுக்கு விமானம் விடுகிற உடான் திட்டத்தில் சேர்த்தார்கள், நாமும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

12 அக்டோபர்

மைசூர் தேர்வைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள்.

காட்பாடியில் ரயில் ஏறினால் மைசூர். முதல் தடவை போகிறவனுக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி கட்டணம் திருப்பித் தருவார்கள், டிக்கெட்டைத் தொலைக்காதே. முதல் நாளே வடிகட்டல். அறிவுத்திறன் கேள்விகள், பிறகு ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவில் பேச வைப்பார்கள். பெரும்பாலோர் அன்று மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். தங்கியவர்களுக்கு நெஞ்சில் ஒரு எண். அதுதான் அந்த வாரம் முழுக்கப் பெயர்.

அடுத்தது மனோதத்துவம். பன்னிரண்டு படத்துக்குக் கதை, அதில் கடைசி வெறும் வெள்ளைத் தாள். ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி கொடுத்து 60 சொற்கள். அரை மணியில் 60 சூழ்நிலைகள். யோசித்துப் பொய் எழுத நேரம் கிடைக்காது, அதற்காகத்தான் அந்த வேகம். பிறகு மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் வைத்துக் குழுவோடு தாண்டுவது. தனியாக ஒரு நேர்காணல். கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் உட்கார்ந்து முடிவு.

பைலட் ஆகப் போகிறவனுக்கு இதற்கு மேல் ஒன்று உண்டு: சி.பி.எஸ்.எஸ், கணினி வழி பைலட் தேர்வு. மானி முகப்பைப் பார்த்து விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லணும். கையில் ஸ்டிக், காலில் பெடல் வைத்து ஓடுகிற புள்ளியை நடுவில் நிறுத்தணும். அதற்கு நடுவே விளக்கு எரியும், சத்தம் வரும், அதையும் இடது கையால் கவனிக்கணும்.

இது வாழ்நாளில் ஒரே முறை. தோற்றால் என்.டி.ஏ, சி.டி.எஸ், ஏ.எஃப்.கேட் எந்த வழியில் திரும்பி வந்தாலும் பறக்கும் பிரிவு கிடையாது. எஸ்.எஸ்.பியில் எத்தனை தடவை தோற்றாலும் மறுபடி போகலாம், இதில் முடியாது. அதனால் ஜுரத்தோடு, ராத்திரி முழுக்கத் தூங்காமல் போய் உட்கார்ந்துவிடாதே. அந்த மானிகளின் படங்களை வீட்டிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டுப் போ.

12 அக்டோபர், இரவு

எல்லாம் தேறினாலும் இடம் உறுதியில்லை. மெடிக்கலும் முடிந்து கடைசியில் தகுதிப் பட்டியல் வரும். அதில் பெயர் இருக்கணும். ஊரில் ஃப்ளெக்ஸ் அடிப்பதை அதுவரை தள்ளிவைக்கவும்.

19 அக்டோபர்

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது நடக்குமா என்று திருவலத்தில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். கேள்வித்தாள் தமிழில் வராது. என்.டி.ஏ ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும், ஏ.எஃப்.கேட் ஆங்கிலத்தில். குழு விவாதமும் நடைமுறையில் ஆங்கிலம்தான்.

என் அனுபவத்தில் இலக்கணப் பிழை யாரையும் கவிழ்த்ததாகத் தெரியவில்லை. வாயே திறக்காததுதான் கவிழ்க்கிறது. அக்கா மகனோடு வந்தவர்களில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், தப்புத் தப்பாக, ஆனால் கேட்கிற மாதிரி பேசியவன், தங்கினான். பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷில் பேசிப் பழகி வந்தவன் அடுத்தவனைப் பேசவிடாமல் கத்தினான், போனான். உங்கள் வகுப்பில் தினம் பத்து நிமிஷம், ஒரு பிள்ளை ஒரு தலைப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசட்டும். யாரும் சிரிக்கக் கூடாது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச்சிங் பற்றி அன்று கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். கணக்குத் தாளுக்கு ஆள் தேவைப்பட்டால் போகலாம். எஸ்.எஸ்.பிக்கு மட்டும், மனப்பாடக் கதை சொல்லிக்கொடுக்கும் இடமாக இருந்தால் காசு தண்டம். வீரன் பாம்புக்கடிக்கு முதலுதவி செய்து, திருடனைப் பிடித்து, ரயிலை நிறுத்திய கதையை அந்த அதிகாரி அன்றைக்குக் காலையிலேயே பத்துப் பேரிடம் படித்திருப்பார்.

26 அக்டோபர்

ஆம்பூர் அம்மாவுக்கு: பெண் பிள்ளை தாராளமாகப் போகலாம். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூனில் துண்டிகல்லில் அதிகாரி ஆனார்கள். ஃபைட்டரில் அவர்கள்தான் முதல். என்.டி.ஏவில் 2022 முதல் பெண்களைச் சேர்க்கிறார்கள், அந்த முதல் அணியில் 17 பேர் இந்த வருஷம் மே மாதம் முடித்து வெளியே வந்தார்கள். உயரம், கால் அளவு எல்லாம் பறக்கும் பிரிவில் இருவருக்கும் ஒன்றுதான், எனவே டேப்பை முதலில் எடுங்கள். இப்போதைக்குப் பெண்களுக்கான இடம் குறைவு, போட்டி கடுமை. "யார் கல்யாணம் பண்ணிப்பாங்க" என்கிற மாமியார் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை தாயி.

2 நவம்பர்

"பைலட்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்தால் எப்படி?" கேட்டவர் யாரென்று தெரியவில்லை, நல்ல கேள்வி.

சினிமாவில் வருகிற மாதிரி யாரும் ஓடி வந்து ஏறுவதில்லை. விமானத்தைச் சுற்றி ஒரே திசையில் நடந்து, ஒரே வரிசையில், ஒவ்வொரு மூடியையும் சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பார்கள். நேற்றும் இதே விமானம்தான், இதே ஃபிட்டர்தான், இருந்தாலும் பார்ப்பார்கள். படிவம் 700இல் எங்கள் கையெழுத்தைப் படித்து, அதற்குக் கீழே அவர்கள் போட்ட பிறகுதான் விமானம் கை மாறும். இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை உருவி நாங்கள் தூக்கிக் காட்டுவோம், எண்ணிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். காலையில் தளத்தில் வரிசையாக நடந்து கல், ஆணி பொறுக்குவோம். என்ஜின் ஒரு சின்ன நட்டை உறிஞ்சினாலும் கதை முடிந்தது.

இறங்கிய பிறகுதான் எனக்குப் பிடித்த காட்சி. அறைக்குள் போய் ஒருவர் தப்பை ஒருவர் பிட்டுப் பிட்டு வைப்பார்கள். இளைய அதிகாரி, "சார், அந்தத் திருப்பத்தில் நீங்கள் தாமதம்" என்று மூத்தவரிடம் சொல்வதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். மூத்தவர் எழுதிக்கொள்வார். நம்ம அலுவலகங்களில் இதை ஒரு நாள் செய்து பார்க்கலாம்.

உடம்பு விஷயமும் உண்டு. கூர்மையான திருப்பத்தில் 9 ஜி வரும், அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு. 60 கிலோ ஆள் அந்த நேரத்துக்கு 540 கிலோ கனப்பான். ரத்தம் காலுக்கு இறங்கி, கண்ணில் நிறம் போய், பிறகு பார்வை போய், விட்டால் நினைவும் போகும். கால்சட்டையில் காற்று நிரம்பி தொடையையும் வயிற்றையும் இறுக்கும். அது பத்தாது, தொடையை முறுக்கி மூச்சைப் பிடித்து விடும் முறையைப் பழகணும். பெங்களூரு விண்வெளி மருத்துவ நிறுவனத்தில் சுழலும் இயந்திரத்தில் வைத்து அதைப் பழக்குகிறார்கள். இறங்கி வரும்போது சட்டையைப் பிழியலாம். பாலாற்று மணலில் ஓடுகிற பையன்களே, ஓட்டத்தோடு தொடைக்கும் வயிற்றுக்கும் சேர்த்துப் பயிற்சி செய்யுங்கள்.

செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்ததை டிவியில் பார்த்தேன். 1963இல் வந்த விமானம். அதன் என்ஜினுக்குள் தலையை விட்டே என் இளமை போயிற்று. வீட்டுக்காரி "என்ன, சம்பந்தி வீட்டு சாவா?" என்றாள்.

3 நவம்பர்

ஒரு சேர்க்கை. பைலட்டாகத் தேறினாலே ஃபைட்டர் என்று இல்லை. துண்டிகல்லில் பிலாட்டஸ் விமானத்தில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும் ஃபைட்டர், டிரான்ஸ்போர்ட், ஹெலிகாப்டர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தரவரிசை, விருப்பம், படையின் தேவை மூன்றும் பார்த்து. ஃபைட்டருக்குப் போனவர்கள் பீதரில் ஹாக் ஜெட்டில் பழகுவார்கள், அப்புறம்தான் ஸ்குவாட்ரன் என்கிற படைப்பிரிவு. ஹெலிகாப்டர் கிடைத்து முதல் மாதம் அழுத பையனைத் தெரியும். பிறகு மலைப் பக்கம் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தூக்கி வந்தான், இப்போது ஃபைட்டருக்கு மாறுகிறாயா என்று கேட்டால் அடிக்க வருவான்.

9 நவம்பர்

"நம்ம ஜில்லாவில் இருந்து யாராவது ஆகியிருக்கிறார்களா?" பழைய வட ஆற்காடு என்று வைத்துக்கொண்டால், 2019 பிப்ரவரி 27 அன்று மிக்-21இல் போய்ப் பிடிபட்டுத் திரும்பிய அபிநந்தன் வர்தமானின் பூர்வீகம் திருப்பணமூர். 1989இல் ஜில்லாவைப் பிரித்தபோது திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது. அவர் அப்பா சிம்மகுட்டி வர்தமானும் பைலட், ஏர் மார்ஷலாக ஓய்வு பெற்றவர். அப்பா பைலட்டாக இருக்கும் வீட்டில் எந்தப் பரீட்சை எப்போது என்று சாப்பாட்டு நேரத்திலேயே பேச்சு வந்துவிடும். நம்ம வீடுகளில் அந்தப் பேச்சு இல்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

23 நவம்பர்

குடியாத்தம் தம்பி எழுதியிருக்கிறார்: பையனுக்குக் கண் இரண்டும் 6/6, நிறம் சரி, உயரம் இப்போதே 165, தொடை 58. நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மறுபடி பாருங்கள், இந்த வயசில் மாறும்.

சைனிக் பள்ளி கேட்டிருக்கிறீர்கள். அமராவதிநகரில் ஆறாவதிலும் ஒன்பதாவதிலும்தான் நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்க்கிறார்கள், உங்கள் பையன் தாண்டிவிட்டான். தங்கச்சி ஐந்தாவது என்றால் அவளுக்குப் பாருங்கள், பெண்களையும் எடுக்கிறார்கள்.

பையனுக்கு இப்போது வேலை பத்தாவது பரீட்சை, பிறகு கணக்கு உள்ள குரூப். என்.டி.ஏ அறிவிப்பு வழக்கமாக டிசம்பரிலும் மே, ஜூன் வாக்கிலும் யு.பி.எஸ்.சி தளத்தில் வரும். பிறந்த தேதி வரம்பை அதில் பார்த்து, எந்த அறிவிப்பில் இருந்து அவன் எழுதலாம் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் படை முதலில் என்று விருப்ப வரிசை கேட்பார்கள். விமானப்படையை முதலில் போடச் சொல்லுங்கள். பிரவுசிங் சென்டர் பையனிடம் விட்டால் அவன் பாட்டுக்கு ராணுவத்தை முதலில் தட்டிவிட்டுப் பிரிண்ட் கொடுத்துவிடுவான்.